பூட்டின ரூமும் புதுக் கையேடும்

எங்கள் பம்ப் கம்பெனியில் கையேடு என்றால் சடகோபன் சார்தான். அவர் ரூம் கம்ப்யூட்டரில்தான் எல்லாம் தயாராகும். புதிதாகச் சேர்ந்த பூங்கோதை, "இதை ஆபீஸ் பொது சர்வருக்கு மாத்திட்டா யார் வேணும்னாலும் தயார் பண்ணலாம் சார்" என்றபோது கெக்கலித்துவிட்டு, ரூமைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்.

திரும்பி வந்தவர், முதலாளி மேஜையில் கிடந்த கையேட்டைத் தன் பழைய வேலை என்றே நினைத்துப் பூங்கோதையிடம் தூக்கிக் காட்டினார். "ஏம்மா, ஒரு புள்ளி பிசகாம இப்படி ஒண்ணு உன் சர்வர் தருமா?"

"நல்லாப் பாத்துட்டீங்களா சார்?"

"வரிக்கு வரி!"

"உங்க ரூம் சாவி?"

"என் பையிலதான். உங்களை நம்பி விட்டுட்டுப் போவேனா?"

"அது நேத்து சர்வர்ல தயாரானது சார்."

முதலாளி சிரித்தார். "சடகோபன், ஊர்ல இன்னும் பத்து நாள் இருந்துட்டே வந்திருக்கலாமே!"