சுவரைப் பார்த்து நின்றவர்

இளம்பரிதிக்குக் கணீரென்ற குரல். கல்லூரி வாசலில் கொடி பிடித்துப் பேசிப் பழகியவன். குரல் ஒன்று இருந்தால் போதும், சாய்ந்தவர்களை நிமிர்த்திவிடலாம் என்று நம்பினான். அப்படி நம்பியவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

மருத்துவம் முடித்தபின் டாக்டர் ஞானசௌந்தரியிடம் தொழில் கற்க வந்தான். தலைசுற்றல்காரர்களை நிற்க வைத்து, நடக்க வைத்துச் சோதிப்பது அவர் வேலை. அதிகம் பேச மாட்டார்.

ஒரு காலை, துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் சவரிமுத்து வந்தார். கடுங்காய்ச்சலுக்குப் பிறகு தலைசுற்றல். இப்போது சரியாகிவிட்டது என்றார். மறுபடி கிரேன் ஏற டாக்டர் சான்று வேண்டும். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. கதவுக்கும் சன்னலுக்குமாக நடந்தார்.

"கீழ நின்னு கயிறு பிடின்னுட்டாங்க தம்பி. நேத்து வந்த பயல்லாம் 'ஓரமா நில்லும் ஓய்'ங்கான். சீக்கிரம் பாத்து அனுப்புங்க."

"கம்பெனி என்னண்ணே சொல்லுது?"

"அவங்களுக்கும் நான் ஏறணும். ஆள் இல்ல. சான்று மட்டும் கையில இருக்கணுமாம்."

எதற்கு என்று இளம்பரிதி கேட்கவில்லை. அவர் விழுந்தால், கம்பெனி மேல் பழி இல்லை என்று காட்டுவதற்கு.

கண்ணைத் துணியால் கட்டி, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, நின்ற இடத்திலேயே கால் மாற்றி மிதிக்க வேண்டும். அதுதான் சோதனை.

இளம்பரிதி எதிரே நின்று தாளம் கொடுத்தான்.

"அப்படித்தான் அண்ணே! இடது, வலது! மலை மாதிரி நிக்கிறீங்க!"

சவரிமுத்து இம்மி பிசகவில்லை.

"பாத்தீங்களா மேடம்? கையெழுத்துப் போட்டுடலாம்."

ஞானசௌந்தரி எழுந்து மின்விசிறியை நிறுத்தினார். சன்னலைச் சாத்தினார். காலடி கேட்காதபடி தன் செருப்பைக் கழற்றிவிட்டு சவரிமுத்துவின் பின்னால் போய் நின்றார்.

"இன்னொரு தடவை. நீ பேசாதே."

சவரிமுத்து மிதித்தார். கொஞ்ச நேரம் நேராக. பிறகு வலப்பக்கம் திரும்பத் தொடங்கினார், யாரோ தோளைப் பிடித்து மெல்லத் திருப்புவது போல. இளம்பரிதி வாயைத் திறந்தான். டாக்டர் கை காட்டினார். மூடிக்கொண்டான்.

"என்ன தம்பி, சத்தத்தையே காணோம்? நேராத்தான நிக்கேன்?"

சுவரைப் பார்த்துக் கேட்டார்.

யாரும் பதில் சொல்லாததால் கண்கட்டை அவிழ்த்தார். எதிரே வெள்ளைச் சுவர். நீட்டிய கையை மடக்க மறந்து அதையே பார்த்தார்.

"யாரு என்னைத் திருப்பிவிட்டது?"

"யாரும் தொடலை" என்றார் டாக்டர்.

"தம்பி, நீ சொல்லு."

"யாரும் தொடலைண்ணே."

சவரிமுத்து சுவரை ஒரு தட்டுத் தட்டினார்.

"வலது காதுக்கு உள்ளே, உடம்பை நேரா நிறுத்துற இடத்துல பழுது இருக்கு" என்றார் டாக்டர். "இப்ப ஏறக் கூடாது. தினமும் வாங்க. பழக்கினா தேறும்."

"நீங்களும் கம்பெனி ஆளுதானா?"

"அவங்க ஆளா இருந்தா இந்நேரம் கையெழுத்துப் போட்டிருப்பேன்."

சவரிமுத்து சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார்.

"உங்ககிட்ட பேசுறதா நினைச்சு சுவர்கிட்ட பேசியிருக்கேன். ரெண்டும் ஒண்ணுதாம்மா. ரெண்டும் பதில் சொல்லல."

கதவை அறைந்துவிட்டுப் போனார். இளம்பரிதிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் விட்ட இடத்திலேயே கதவுக்கும் சன்னலுக்குமாக நடந்தான்.

"என் குரல் அவருக்குத் தெம்பா இருந்தது மேடம்."

"இருந்தது. அது வந்த திசையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னார்."

"அது தப்பா?"

"ராத்திரி வேலையில, கிரேன் மேலே, அவர் எதிரே நீயும் நிப்பியா?"

அவன் நடையை நிறுத்தினான்.

"அப்ப வாயை மூடிக்கிட்டு நான் எதுக்கு இங்கே?"

ஞானசௌந்தரி மின்விசிறியைப் போட்டார்.

"நாளைக்கு அவர் வந்தா, ஷூவைக் கழட்டிட்டு அவர் பின்னால நில்லு. விழுந்தா பிடி."