ஒன்பதாம் விதியின் கடைசி வரி

“கடைசி வரியை இன்னொரு தரம் வாசிங்க சார்,” என்றார் ரெஜினா டீச்சர்.

தணிகாசலம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“சம்மதம் கேட்காமல் எடுத்த குரல்களை நிறுவனங்கள் அழித்துவிட வேண்டும். இறந்தவர்களின் குரலுக்கு இது பொருந்தாது.”

“நேத்து இந்தக் கடைசி வரி இல்லையே?”

“காலையில சேர்த்தேன். இருந்துட்டுப் போகட்டுமே டீச்சர்?”

செல்போன் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை எழுதுகிற குழுவில் தணிகாசலம் ஓர் உறுப்பினர். தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டம் எழுதக் கற்றுக்கொள்ள டீச்சரின் இந்த அறைக்கு வந்துபோகிறார். டீச்சருக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும்.

“யாரோட குரல் சார்?”

அவர் போனை மேசைமேல் வைத்துத் தொட்டார்.

“தணிகாசலம், சாப்பிட்டீங்களா?”

மனைவி செண்பகத்தின் குரல். அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது. தங்கையோடு போனில் பேசியதையெல்லாம் அவளுக்கே தெரியாமல் சேர்த்து வைத்திருந்த கம்பெனி, இப்போது அந்தக் குரலில் பேச வைத்திருந்தது.

“அந்த வரி இல்லாம விதி வந்தா இதுவும் போயிடும் டீச்சர்.”

“வீட்ல அம்மா உங்களைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்களா?”

அவர் சிரித்துவிட்டார்.

“அவளா! என்னங்க, இந்தாங்க. அவ்வளவுதான். ரேஷன் கடையில புருஷன் பேர் கேட்டா, கார்டைத் திருப்பிக் காட்டுவா. நான் கெஞ்சிக்கூடப் பார்த்திருக்கேன். ஒரே ஒரு தரம் சொல்லேன், யாருக்குக் கேட்கப்போகுதுன்னு. ‘போங்க, வேற வேலை இல்லை’ம்பா. முப்பத்தெட்டு வருஷம்.”

“இப்ப சொல்றாங்க.”

“சொல்றா. அவ குரல்லயே சொல்றா டீச்சர். அதை எப்படி நான்...”

டீச்சர் போனைக் காட்டினார்.

“நீங்க முப்பத்தெட்டு வருஷம் கேட்டுக்கிட்டே இருந்தீங்க. கம்பெனிக்காரங்க அவங்ககிட்ட ஒரு தரமாவது கேட்டாங்களா சார்?”

தணிகாசலம் போனை மறுபடி தொட்டார்.

“தணிகாசலம், சாப்பிட்டீங்களா?”

“ஆச்சு,” என்றார்.

பிறகு ஸ்கேலை எடுத்து, கடைசி வரிக்கு நேராக வைத்துக் கோடிட்டு அடித்தார். அடித்த இடத்துக்குப் பக்கத்தில், ஆபீஸ் பழக்கப்படி, தன் பெயரைச் சுருக்கிச் சின்னதாக ஒரு கையெழுத்துப் போட்டார்.