குப்புராஜ் காரில் லிமிடெட் ஸ்லிப் இருந்ததா?

சூலூருக்குக் கிழக்கே இருக்கிற எங்கள் ஊரில் புத்திசாலிகளுக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நாலு பேர் இருந்தார்கள். அந்த நாலு பேரும் சேர்ந்து ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார்கள். சிவப்பு நிறம், தாழ்வான கூரை, ரெண்டே சீட். மீதி ரெண்டு பேர் எங்கே உட்காருவது என்கிற கேள்வி சாவியை வாங்கிய பிறகுதான் எழுந்தது. அவர்கள் பஸ்ஸில் வந்தார்கள்.

நாலு பேரில் மூத்தவர் குப்புராஜ். மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். அவர் வீட்டில் சமையலறை சுவிட்சைத் தட்டினால் குளியலறையில் விளக்கு எரியும். அந்த வயரிங் அவர் கைவண்ணம். அதை ஒளிக்க மாட்டார். "சாமி எனக்கு மூளை வெக்கறப்போ கரண்டு போயிருச்சுங்க" என்று தானே சொல்லித் தானே சிரிப்பார். மற்ற மூவர் லேத் பட்டறை அங்கண்ணன், மாவு மில் திருமூர்த்தி, டியூஷன் சென்டரில் கணக்கு நடத்தும் நாச்சிமுத்து. அவர்களும் அவருக்குச் சளைத்தவர்கள் அல்ல.

காரின் மேல் குப்புராஜுக்கு உயிர். அது நின்ற ஷெட்டின் மேல் அவர் மனைவி பூங்கொடிக்குக் கண். இட்லி மாவு வியாபாரத்துக்குப் பெரிய கிரைண்டர் போட இடம் வேண்டியிருந்தது. ஒன்பது மாதமாக அந்தக் கார் பெட்ரோல் பங்கைத் தாண்டிப் போனதில்லை என்பதையும் அவர் கவனித்திருந்தார்.

"ஏனுங், வர்ற ஞாயித்துக்கிழமை ரேஸ் டிராக்குக்கு நானே வர்றேன்" என்றார் பூங்கொடி. "அஞ்சு சுத்து நிக்காமச் சுத்துச்சுன்னா வண்டி இங்கயே இருக்கட்டும். நின்னுச்சுன்னா திங்கக்கிழமை வித்துப்போடோணும்."

குப்புராஜ் தைரியமாகத்தான் தலையாட்டினார். அந்தத் தைரியம் அன்று மாலை பெட்ரோல் பங்கில் கரைந்தது. கூலிங் கிளாஸ் போட்ட ஒருவர் காரைச் சுற்றி வந்து, "சார், இதுல லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் இருக்குதா? அது இல்லாம டிராக்குல இறக்காதீங்க. வளைவுல ஒத்தச் சக்கரம் சும்மா சுத்தும், கார் நகராது" என்றார்.

அப்படி ஒரு வஸ்து உலகத்தில் இருப்பதே குப்புராஜுக்கு அன்றுதான் தெரியும். ஆனாலும் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே.

"ரெண்டு இருக்குதுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மெக்கானிக் சவரிமுத்துவுக்கு போன் போட்டார். சவரிமுத்து சுருக்கமாகச் சொன்னார்: "பின்பக்கத்த ஜாக்கி போட்டுத் தூக்குங்க. கியர நியூட்ரல்ல போடுங்க. ஒரு சக்கரத்தக் கையால சுத்துங்க. அடுத்த சக்கரமும் அதே பக்கம் சுத்துச்சுன்னா லிமிடெட் ஸ்லிப் இருக்குது. எதிர்ப்பக்கம் சுத்துச்சுன்னா இல்ல."

நாலு பேரும் ஷெட்டில் கூடினார்கள். ஜாக்கி போட்டார்கள். 'தூக்குங்க' என்று தனியாகச் சொல்லியிருக்கிறாரே என்று திருமூர்த்தி பம்பரைப் பிடித்துத் தூக்கிக்கொண்டே நின்றார். அங்கண்ணன் வலப்பக்கம் உட்கார்ந்து சக்கரத்தைச் சுத்தினார். நாச்சிமுத்து இடப்பக்கம் உட்கார்ந்து கவனித்தார்.

"இங்க கடிகார முள்ளு போற பக்கம் சுத்துது" என்றார் அங்கண்ணன்.

"இங்க முள்ளுக்கு எதிர்ப்பக்கம்" என்றார் நாச்சிமுத்து.

குப்புராஜுக்கு உயிரே போனது. "நல்லாப் பாருங்கப்பா. ஆள மாத்திப் பாருங்க."

இடம் மாறி உட்கார்ந்தார்கள். இப்போது நாச்சிமுத்து, "முள்ளு போற பக்கம்" என்றார். அங்கண்ணன், "எதிர்ப்பக்கம்" என்றார்.

"ஏனப்பா, இப்பத்தான முள்ளு போற பக்கம்னு சொன்ன?"

"நீ மட்டும் எதிர்ப்பக்கம்னு சொல்லுலியா?"

சண்டை முற்றும் முன் குப்புராஜ் தீர்ப்புச் சொன்னார். "ஆள மாத்தியும் எதிரெதிராத்தான் வருது. அப்ப ஆள் மேல தப்பில்ல. தப்பு சக்கரத்து மேல."

ஒரே பக்கம் சுத்துகிற ரெண்டு சக்கரத்தையும் ரெண்டு பக்கமும் ஆள் நின்று பார்த்தால் அப்படி எதிரெதிராகத்தான் தெரியும் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. அங்கே இருந்தவர்கள் அந்த நாலு பேர்தான்.

பின் அச்சின் நடுவே பூசணிக்காய் அளவில் ஓர் இரும்பு உருண்டை இருந்தது, அதுதான் டிஃபரன்ஷியல். அதைக் கழற்றி அங்கண்ணன் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பிரித்தார்கள். உள்ளே பல்சக்கரங்களை ஒட்டி, நெருக்கமாக அடுக்கிய வட்டத் தட்டுகள்.

"பாத்தியா? எவனோ தட்டத் திணிச்சு வெச்சிருக்கான்" என்றார் அங்கண்ணன். "சக்கரம் ரெண்டும் அதுல முட்டிக்கிட்டுத்தான் ஆளுக்கொரு பக்கம் போகுது."

தட்டுகளை உருவி எடுத்தார்கள். திருமூர்த்தி, சூடான குண்டான் இறக்கி வைக்க ஆகும் என்று அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோனார். உருண்டையை மறுபடி மாட்டி, ஜாக்கி போட்டு, சக்கரத்தைச் சுத்தினார்கள்.

"முள்ளு போற பக்கம்" என்றார் அங்கண்ணன்.

"எனக்கும் முள்ளு போற பக்கம்!" என்று கத்தினார் நாச்சிமுத்து.

குப்புராஜ் ரெண்டு பேரையும் கட்டிப் பிடித்துக்கொண்டார். திருமூர்த்தியால் வர முடியவில்லை, பம்பரைப் பிடித்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை டிராக்கில் முதல் வளைவிலேயே உள்பக்கச் சக்கரம் அலறியது. வெள்ளையாகப் புகை வந்தது. கார் அதே இடத்தில் நின்று உறுமியது. அரை சுத்துகூட ஆகவில்லை. தள்ளிக்கொண்டு திரும்பிய குப்புராஜின் முகத்தைப் பார்க்கப் பூங்கொடிக்கே பாவமாக இருந்தது.

"மத்தியானம் இன்னொருக்கா ஓட்டுங்" என்றார். "அதுக்கு மேல என்னக் கேக்கப்படாது."

வேடிக்கை பார்க்க வந்திருந்த சவரிமுத்து நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார். "அந்தத் தட்டுகதானுங்க லிமிடெட் ஸ்லிப்பு" என்றார்.

குப்புராஜுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப, இருந்தப்ப இல்லைன்னோம், இல்லாதப்ப இருக்குதுன்னோம். கணக்கு சரிதானுங்க, கிழமைதான் மாறிப்போச்சு. இப்ப என்னுங்க பண்றது?"

"தட்டுக ஊர்ல கெடக்குது, இப்ப ஒண்ணும் பண்ண முடியாது. வளைவுல உள்பக்கச் சக்கரம் லேசாயிரும், அதனால சும்மா சுத்துது. அது மேல கனம் இருந்தாச் சுத்தாது, அவ்வளவுதான் விசயம்."

சவரிமுத்து விளக்கமாகத்தான் சொன்னார். நாலு பேரும் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டார்கள்.

டிராக் ஆட்கள் எல்லோரும் பிரியாணிக்குப் போயிருந்த நேரம். குப்புராஜ் ஓட்ட, மற்ற மூவரும் காரின் பின்பக்கத்து மேல் தொற்றிக்கொண்டார்கள். வலது வளைவு வந்தால் மூவரும் வலது சக்கரத்து மேல், இடது வளைவு வந்தால் இடது சக்கரத்து மேல். நாச்சிமுத்து கட்டளையிடுவார். பின்னால் பார்த்து உட்கார்ந்திருந்த திருமூர்த்தி ஒவ்வொரு முறையும், "என் வலதா, கார் வலதா?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வார். அதற்குள் அந்த வளைவு முடிந்திருக்கும். நல்லவேளையாக அடுத்த வளைவு அவர் போய்ச் சேர்ந்த பக்கமாகவே வந்தது.

ஆமை வேகம்தான். ஆனால் கார் நிற்கவில்லை. பூங்கொடி விரல் மடக்கி எண்ணினார். அஞ்சாவது விரல் மடங்கியது.

"சரி, வண்டி இருக்கட்டும்" என்றார்.

குப்புராஜுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. தண்ணீர் குடித்து மூச்சு வாங்கிய பிறகு சவரிமுத்துவிடம் கேட்டார், "ஏனுங்ணா, இந்த லிமிடெட் ஸ்லிப்பு ரோட்டுல ஓட்டறக்கும் வேணுங்களா?"

"டிராக்குக்குத்தானுங்க அது. ரோட்டுக்குத் தேவையே இல்ல" என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருவதற்குள் சவரிமுத்து பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

பூங்கொடி பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். மூவரும் பின்னால் தொற்றிக்கொண்டார்கள். டிராக் கேட்டைத் தாண்டியதும் குப்புராஜ் காரை நிறுத்தினார்.

"இறங்குங்கப்பா. ரோடு வந்துருச்சு, இனி லிமிடெட் ஸ்லிப்பு வேண்டாம்."

மூவரும் இறங்கி, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்கள்.

கார் இருநூறு அடி போயிருக்கும். எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கியதில் ஒரு பின்சக்கரம் ரோட்டோர மணலில் இறங்கியது. குப்புராஜ் ஆக்ஸிலேட்டரை மிதிக்க, அந்த ஒத்தச் சக்கரம் மட்டும் சும்மா சுத்தியது. மணல் பறந்தது. கார் அசையவில்லை. அதற்குள் மூவரும் நடந்து வந்து சேர்ந்தார்கள்.

"அங்கண்ணா, சித்த அந்தச் சக்கரத்து மேல ஏறி உக்காருங்கப்பா" என்றார் குப்புராஜ்.

மூவரும் நின்று யோசித்தார்கள்.

"இது ரோடாச்சே மாமா" என்றார் அங்கண்ணன். "ரோட்டுக்கு நாங்க தேவையில்லைன்னு இப்பத்தான சவரிமுத்து அண்ணன் சொல்லிட்டுப் போனாரு?"

குப்புராஜுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மூவரும் வணக்கம் வைத்துவிட்டு நடந்தார்கள். பத்தடி போனதும் நாச்சிமுத்துவுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. திரும்பி வந்து, கார் ஜன்னலுக்குள் குனிந்து சொன்னார்:

"ஒண்ணு பண்ணுங்க மாமா. வண்டியத் திருப்பி டிராக்குக்கு ஓட்டிட்டு வந்துருங்க. அங்க வந்து உக்காந்துக்கறோம்."