மயிலை திரும்பிப் பார்க்கவில்லை

மந்தையை விட்டு விலகி வந்து, காட்டுக் குளத்தின் கரையில், கோரைப்புல்லுக்குள் மயிலைப் பசு தன் தலைச்சன் கன்றை ஈன்றது. பனி இன்னும் கலையவில்லை. குளத்தில் குதிக்கப் போகிறவனைப் போல முன்கால் இரண்டையும் நீட்டி, அவற்றின்மேல் முகத்தை வைத்தபடி கன்று உலகுக்கு வந்தது.

மயிலை அதை நக்கிக்கொண்டே இருந்தது. ஈரம் போனது; வாடையும் போனது. பிறகு கன்றுக்குப் பின்னால் விழுந்த இளங்கொடியையும் தின்று தீர்த்தது. பசு சுத்த சைவம்தான். இந்த ஒரு காலை மட்டும் விதிவிலக்கு. வாசனை மிஞ்சினால் பகை வரும் அல்லவா!

கன்று எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது. சீம்பால் குடித்துவிட்டுப் புல்லுக்குள் சுருண்டு தூங்கியது. மயிலை சற்றுத் தள்ளிப் போய் மேய்ந்தது.

பனிக்குள்ளிருந்து நரி வந்தது.

"அக்கா! நேற்றுப் பானையாக இருந்த வயிறு இன்று எங்கே?"

"கன்று போட்டாயிற்று, தம்பி!"

"அடடே! எங்கே என் மருமகப் பிள்ளை? தாய்மாமன் சீர் செய்ய வேண்டாமா?"

"உன் பல்லைப் பார்த்தாலே தெரிகிறது, நீ செய்யப்போகும் சீர்!"

நரி சிரித்தபடி கோரைப்புல் ஓரமாக உட்கார்ந்தது. தாயின் கண் போகும் இடத்தில் பிள்ளை இருக்கும் என்பது அதன் சாஸ்திரம். அது மயிலையின் கண்ணையே பார்த்தது.

நரியின் வாலுக்கு ஒரு சாண் பின்னால்தான் கன்று தூங்கியது! அதன் மூச்சில் வால்மயிர் அசைந்தது. காற்று என்று நினைத்தது நரி.

முட்டி விரட்டலாம். விரட்டினால், 'இங்கேதான்' என்று சொன்னதாகிவிடும். நரி கூட்டத்தோடு திரும்பும். கன்றுக்கோ ஓடக் கால் இல்லை.

மயிலைக்கு மடி கனத்தது. பனி, குளம், மரம் எல்லாம் கனவுபோல மிதந்தன. அந்தப் புல் மட்டும் கழுத்தைப் பிடித்து இழுத்தது. மயிலை திரும்பவில்லை. எதிர்க்கரை இலந்தைப் புதரையே பார்த்து, "ம்மா!" என்று உருகிக் கூப்பிட்டது.

"கண்டுபிடித்துவிட்டேன்!" என்று நரி குளத்தைச் சுற்றிப் பாய்ந்தது.

புதர் புதராக முள்ளைத் துழாவி, மூக்கெல்லாம் கீறலோடு அது வெளியே வந்தபோது உச்சிவேளை. அது விட்டுவந்த கரையில், தண்ணீர் குடிக்க வந்திருந்த மந்தையின் கொம்புகளுக்கு நடுவே, கன்று வாலை ஆட்டி ஆட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா! எங்கேதான் ஒளித்து வைத்திருந்தாய்?"

"மாமன் பக்கத்தில்தான்! உன் வாலுக்கு ஒரு சாண் பின்னால்!"

சொல்லிவிட்டு, மயிலை கழுத்தைத் திருப்பிக் கன்றை ஆசை தீரப் பார்த்தது.

அன்பைக் காட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. ஆபத்து எதிரே உட்கார்ந்திருக்கும்போது அந்த அன்பை மறைக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.