கதிர்வேலு தெரு

நாய்கள் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கடலோரத்தில் ஒரு பெரிய பட்டணம் இருந்தது. தெருக்கள் ஏராளம், எதற்கும் பெயர் கிடையாது. தேவையும் இல்லை. வீட்டுக்காரன் பெயரைச் சொன்னால் போதும். நிற்கிற தெருவின் நாய் ஆளைத் தன் எல்லைவரை கூட்டிப்போய், அடுத்த தெரு நாயிடம் பெயரோடு ஒப்படைக்கும். அது அதற்கடுத்த நாயிடம் ஒப்படைக்கும். பிறர் தெருவில் கால் வைக்கிற வழக்கம் மட்டும் எந்த நாய்க்கும் கிடையாது.

அங்கே தோணிக்காரர்கள் குடியிருந்த தெருவில் அஞ்சுகம் என்று ஒருத்தி. கணவன் சரக்குத் தோணியில் போயிருந்தான். மாமனார் மாமியார் இல்லாத வீடு. அதனால் நாத்தனார் பூங்காவனம் தலைப்பிரசவத்துக்கு அண்ணன் வீட்டுக்கே வந்திருந்தாள். ஒரு நாள் விடிந்ததும் அவளுக்கு வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடப்பது தடவிப் பார்த்த அஞ்சுகத்துக்கே தெரிந்துவிட்டது. அடித்துப் பிடித்துக்கொண்டு பட்டணத்தின் மறுகோடிக்கு ஓடினாள்.

மருத்துவச்சி காமாயி அங்கே வேறொரு பிரசவத்தில் இருந்தாள். "நஞ்சுக்கொடி விழுந்ததும் வந்துடறேன். நீ ஓடிப்போயி வெந்நி வெச்சு அவ பக்கத்துல இரு. நாய்கிட்ட பேரச் சொல்லிட்டுப் போ" என்றாள்.

வாசலில் ஒரு செவலை நாய் நின்றது. "யார் வீட்டுக்கும்மா?"

வீட்டுக்காரன் அஞ்சுகத்தின் கணவன். கட்டியவன் பெயரைச் சொல்வதே தப்பு. அதிலும் அவன் தண்ணீர்மேல் இருக்கும்போது எந்தப் பெண்ணும் அவன் பெயரை வாயில் எடுக்கக் கூடாது. கடல் காதில் விழுந்தால் அது அவனைக் கூப்பிட்டுக்கொள்ளும் என்று பட்டணமே நம்பியது.

"இலுப்ப மரம் நிக்கிற தெரு..." என்றாள் அஞ்சுகம்.

"மரமெல்லாம் எங்களுக்கு ஒரே காரியத்துக்குத்தான். பேரச் சொல்லு."

"மயில்மேல வர்ற சாமி பேரு."

"இது போதுமே" என்றது செவலை. அவள் நம்பி ஓடிவிட்டாள்.

அந்தச் சாமிக்குப் பெயருக்கா பஞ்சம்? நாய்கள் காமாயியை முதலில் கந்தன் வீட்டுக்குக் கூட்டிப்போயின. கந்தனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. சண்முகம் வீட்டில் கிழவன் கிழவி இரண்டு பேர்தான். குமரன் வீட்டில் விருந்து. இலை போட்டு உட்காரச் சொன்னார்கள்.

இங்கே பூங்காவனத்தின் முனகல் குறைந்துகொண்டே வந்தது. "அண்ணி, நான் பொழைக்க மாட்டேன்" என்றாள். கடலில் ஒரு உயிர், மடியில் ஒரு உயிர். கண்ணெதிரே போகிற உயிரை அஞ்சுகத்தால் விட முடியவில்லை. நடுத்தெருவில் போய் நின்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள்: "கதிர்வேலு! கதிர்வேலு வீடு! கதிர்வேலு இருக்கிற தெரு!"

தோணிக்காரர் பெண்டுகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அந்தத் தெரு நாயோ, "கதிர்வேலு தெரு!" என்று அடுத்த தெருவுக்குக் கத்தியது. அங்கிருந்த நாய் அதற்கடுத்த தெருவுக்குக் கத்தியது. குமரன் வீட்டு வாசலில் அதைக் கேட்டு, அதுவும் அந்தச் சாமி பெயர்தான் என்று புரிந்துகொண்ட காமாயி, சத்தம் வந்த திக்கிலேயே வந்து சேர்ந்தாள். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது.

நாய்களுக்குத்தான் நிறுத்தத் தெரியவில்லை. பொழுது சாயும்வரை கத்திக் கத்திப் பேச்சே போய்விட்டது; மிஞ்சியது குரைப்பு. வழி சொல்ல ஆளில்லாத ஜனங்கள், காதில் விழுந்த அந்த ஒரே பெயரை வைத்து, "கதிர்வேலு தெருவுக்கு அந்தாண்டை, இந்தாண்டை" என்று அடையாளம் சொல்லிக்கொண்டார்கள். மற்றத் தெருப் பெரிய மனிதர்களுக்கு இது பொறுக்கவில்லை. "என் பேரையும் கொஞ்சம் கத்தேன்" என்று பெண்டாட்டிமாரிடம் கெஞ்சிப் பார்த்தார்கள். ஒருத்தியும் மசியவில்லை. ஆளுக்கொரு பலகையில் பெயரை எழுதித் தெருமுனையில் நட்டுக்கொண்டார்கள்.

அஞ்சுகம் தினமும் துறைக்குப் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தாள். கடைசியில் கதிர்வேலு ஒரு கீறல்கூட இல்லாமல் வந்து இறங்கினான். வழியெல்லாம் தன் பெயரைக் கேட்டவனுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, ஊருக்குள்ள எனக்கிருக்கிற மதிப்ப!" என்றான். அவள் அழுதபடியே சிரித்து, "ஆமாங்க" என்றாள்.

ஒரு தெரு நாய் குரைத்தால் அடுத்த தெரு நாயும் எடுத்துக் குரைப்பது அன்றைக்கு ஆரம்பித்ததுதான். பட்டணத்துத் தெருக்களுக்கு ஆண்களின் பெயர் வந்ததும் அன்று முதல்தான். அதை முதலில் கூவியவள் பெயரில் இன்றுவரை ஒரு சந்துகூட இல்லை.