அரக்கு பூசாத குடுவை

கொதிக்கிற கஷாயத்தை ஊற்றியதுதான் தாமதம், குடுவை நெளிந்தது. செங்கோடன் பார்த்துக்கொண்டே நின்றான். தடி மாதிரி அவன் நிமிர்த்தி வைத்திருந்த எருமைக் கொம்பு, மெல்ல வளைந்து பழைய கோலத்துக்கே திரும்பியது. அடியில் பூசிய அரக்கு உருகியது. அடியை அடைத்திருந்த மரக்கட்டை கழன்றது. கஷாயம் மொத்தமும் மாசிலாமணி வைத்தியரின் காலில்.

கொம்பு இன்னும் எருமையை விட்டு வரவில்லை போலிருக்கிறது என்றார் வைத்தியர், காலை உதறிக்கொண்டே. மலைமேல் காய்ச்சலில் கிடக்கிறவர்களுக்குக் கஷாயம் சூடாகப் போய்ச் சேர வேண்டும். மண்கலயம் வழியிலேயே உடைந்துவிடுகிறது. சந்தை முடிந்து திரும்பும்போது வருவேன், அப்போதும் ஒழுகினால் இந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அப்பவும் ஒழுகுனா நீங்களும் கிளம்பிக்குங்கண்ணா" என்றாள் பாவாயி. "மாடு பழக்கறதும் நல்ல வேலைதான்."

பாவாயி அவனைவிட வயதில் இளையவள். ஆனால் கொம்பு வேலையில் அவள்தான் குரு. மாடு பழக்குகிற தொழிலை உதறிவிட்டு அவளிடம் கற்றுக்கொள்ள வந்தவன் செங்கோடன். திரும்பிப் போனால் ஊர் சிரிக்கும். ஊர்கூடப் பரவாயில்லை, மச்சான் சிரிப்பான்.

"அம்மிணி, கொம்போட பழைய புத்திய எப்படி மறக்கடிக்கறது?" என்று கேட்டான்.

பாவாயி கொம்பில் அறுத்த வளையம் ஒன்றைச் சூடான எண்ணெயில் முக்கி, கூர்முளையில் செருகி அடித்து அகலமாக்கி, ஆறவிட்டாள். அதை ஓர் உலக்கையில் மாட்டினாள். தொளதொளவென்று கிடந்தது. அதன்மேல் கொதிநீரை ஊற்றினாள்.

"கழட்டுங்க."

இழுத்தான். திருகினான். உலக்கையைக் காலால் மிதித்துக்கொண்டு இழுத்து, மல்லாக்க விழுந்தான். வளையம் அசையவில்லை.

"ம். மறக்கடிச்சுட்டுக் கழட்டுங்க" என்று சொல்லிவிட்டு அவள் வேறு வேலைக்குப் போய்விட்டாள்.

செங்கோடன் உலக்கையை மடியில் வைத்துக்கொண்டு, சுருங்கி இறுகியிருந்த வளையத்தைத் தடவித் தடவிப் பார்த்தான். பிறகு எழுந்து ஒரு கொம்பை எடுத்தான். வளைவை வளைவாகவே விட்டுவிட்டான். அடிவாயை மட்டும் சூட்டில் விரித்து, கட்டையைச் செருகி வைத்தான். அவ்வளவுதான்.

வைத்தியர் வந்தார். அடுப்பில் கஷாயம் தளதளவென்று கொதித்தது. பாவாயி குடுவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"அரக்கு எங்க?"

அவன் கஷாயச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினான்.

"பூசிட்டு ஊத்துங்கண்ணா. இது கடைசித் தடவை."

செங்கோடன் குடுவையை அவள் கையிலிருந்து வாங்கி நேராகக் கஷாயத்தை ஊற்றினான். வைத்தியர் தன் கால்களைத் தள்ளி வைத்துக்கொண்டார். கொம்பு முறுகியது. அடிவாய் சுருங்கிக் கட்டையைக் கவ்வியது. செங்கோடன் கொம்பின் நுனித் துளையைத் தக்கையால் அடைத்துக் குடுவையைத் தலைக்குமேல் தூக்கிக் குலுக்கினான். ஒரு பொட்டுக்கூடச் சிந்தவில்லை.

வைத்தியர் அடியைத் தடவினார், கட்டையை இழுத்தும் பார்த்தார். வரவில்லை. குடுவையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இதே மாதிரி இன்னும் வேண்டும் என்றார். மலைப்பாதையில் கால் வைத்தவர் திரும்பினார்.

"பாவாயி, இவனுக்கு அப்படி என்னதான் சொல்லிக் குடுத்தே?"

"அரக்கு பூசச் சொன்னேனுங்க" என்றாள் பாவாயி. "பூசலை."