மின்மினிக்காரர்கள் பிராசசர் மாற்றியது

பெருந்துறைக்குப் பக்கத்தில் மின்மினி என்று ஒரு கணினிக் கம்பெனி இருந்தது. அதில் சடையப்பன், சென்னியப்பன், பொங்கியண்ணன் என்று மூன்று இன்ஜினியர்கள். மூவரையும் சோம்பேறிகள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அந்தக் கம்பெனியின் கஷ்டமே அதுதான்.

மின்மினியின் கணினிகளுக்கு மூளையான பிராசசரைச் செய்து கொடுத்தவர்கள் ஒருநாள் கடையை மூடிவிட்டார்கள். வேறு வகைப் பிராசசருக்கு மாறியே ஆகவேண்டும். ஆனால் புதியதற்குப் பழைய புரோகிராம்களின் பாஷை புரியாது. அதனால் நடுவில் இருந்து மொழிபெயர்க்க ஒரு புரோகிராமை வெளியே எழுதி வாங்கினார்கள். அது நன்றாகவே ஓடியது, இவர்கள் எழுதாததால்.

முதலாளி பூங்கோதை அம்மாள் மூவரையும் கூப்பிட்டார்.

"நம்ம பழைய மிஷினை ஆபீஸ்ல வெச்சிருக்கற சங்ககிரி லாரிக்காரர் நாச்சிமுத்து வெள்ளிக்கிழமை வர்றாரு. புடிச்சா அறுபது மிஷின் எடுப்பாரு. புடிக்கலீன்னா நாம பூட்டிட்டுப் போகவேண்டியதுதான். உள்ள மாத்துனது அவருக்குத் தெரியவே கூடாது. பழசு எப்படி இருந்துச்சோ, அச்சு அசலா அப்படியே இருக்கோணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்கம்மா" என்றார்கள் மூவரும்.

பழைய மிஷினையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் போட்டுப் பார்த்தார்கள். புதியது நாலே நொடியில் திறந்துகொண்டது.

"போச்சு!" என்று சடையப்பன் தலையில் கை வைத்தார். "பழசு தொறக்க ஒம்பது நிமிசம் ஆகும். லாரி ஆபீஸ்ல அப்பத்தான் எல்லாரும் டீ குடிக்கறாங்க."

"அவங்க டீயைக் கெடுத்துட்டு ஆர்டர் எப்படிக் கேக்கறது?" என்றார் சென்னியப்பன்.

திறப்பதற்கு முன்னால் ஒன்று முதல் லட்சம் கோடி வரை எண்ணும்படி புது மிஷினுக்கு எழுதி வைத்தார்கள். கணக்காக ஒன்பது நிமிடம் ஆனது.

பழசு இரைச்சல் போடும். புதியது மூச்சே விடவில்லை. றெக்கை உடைந்த ஒரு டேபிள் ஃபேனை உள்ளே திணித்தார்கள். பழசின் சூட்டில் நாச்சிமுத்து ஈரத்துண்டு காயப்போடுவார். புதியது சில்லென்று இருந்தது. நூறு வாட் குண்டு பல்பு ஒன்றை மாட்டினார்கள்.

"பழசு தினம் ரெண்டு தடவை ஹேங் ஆகுமே?" என்று பொங்கியண்ணன் கவலைப்பட்டார்.

"எப்ப ஆகும்?"

"முக்கியமான வேலை நடக்கறப்ப."

"எது முக்கியம்னு மிஷினுக்கு எப்படித் தெரியும்?"

மூவரும் அரைமணி நேரம் யோசித்தார்கள். கடைசியில் சென்னியப்பன் சொன்னார்: "அவசரமாத் தட்டுனா முக்கியம்னு அர்த்தம்." அதையும் எழுதிச் சேர்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை நாச்சிமுத்து வந்தார். ஒன்பது நிமிடம் காத்திருந்தார். டீ குடித்தார். துண்டைக் காயப்போட்டார். ஒரு லாரி நம்பரை அவசரமாகத் தட்டினார். மிஷின் நின்றுவிட்டது.

"அட, இது எங்க ஆபீஸ் மிஷினேதானுங்க! இதே மாதிரி அறுபது என்றகிட்ட இருக்குது. மறுபடி எதுக்குங்க வாங்கோணும்?" என்று எழுந்துவிட்டார்.

பூங்கோதை அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. சடையப்பன் குறுக்கே போய் நின்றார்.

"இருங்கய்யா. புடிக்கலீன்னா சொல்லுங்க, நாங்க சேத்ததை எல்லாம் எடுத்தர்றோம்."

ஃபேனைக் கழட்டினார்கள். பல்பைக் கழட்டினார்கள். எழுதிச் சேர்த்ததை அழித்தார்கள். மிஷின் நாலு நொடியில், சத்தமில்லாமல் திறந்தது. நாச்சிமுத்துவின் பழைய புரோகிராமும் அவருடைய லாரிகள் அத்தனையின் கணக்கோடும் அப்படியே வந்து நின்றது. அவர் அசந்துபோனார்.

"இதேதானுங்க வேணும்! இப்ப இதுல கழட்டுன மாதிரியே கழட்டி, அறுபது குடுத்துருங்க!"

அந்த மூவர் மீதும் பூங்கோதை அம்மாளுக்கு முதல்முறையாகப் பாசம் வந்தது. "அவரு சொன்னது சொன்னபடி செஞ்சுருங்க" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

திங்கட்கிழமை வந்து பார்த்தால், வாசலில் எலக்ட்ரிக் கடை வண்டி நிற்கிறது. உள்ளே அறுபது புது மிஷின்களும் வரிசையாக மூடி திறந்து கிடக்கின்றன. மூவரும் வேர்க்க விறுவிறுக்க ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குண்டு பல்பும் ஒரு டேபிள் ஃபேனும் திணித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"என்னய்யா பண்றீங்க? அவரு கழட்டித்தானே கேட்டாரு!" என்று அலறினார் அம்மாள்.

சடையப்பன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"மொதல்ல மாட்டாம எப்படிங்கம்மா கழட்டறது?"